எல்லாம் நார்மல் என்கிறது அறிக்கை. பிறகு தம்பிக்கு ஏன் அடைப்பு?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 49. கோட்டையூரில் வீட்டிலிருந்தபடியே பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று விசேஷ வீடுகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு 45 வயது. சில மாதங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து, இதயக் குழாய் அடைப்புக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அவன் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, பல வருடங்களாகச் சைவம். தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்து பழனிக்கு நடந்தே போகிறவன். கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 118தானாம். லிப்போபுரோட்டீன்-ஏ என்று ஒன்று 190 இருக்கிறது, கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்குள்ள டாக்டர் சொன்னாராம். எங்கள் அப்பச்சி (அப்பா) 54 வயதில் மலேசியாவில் தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

பயந்துபோய் நானும் ரத்தம் கொடுத்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 192, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 238, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் 33, எல்டிஎல் 111, விஎல்டிஎல் 48. மூன்று மாதச் சர்க்கரை 6.1. ரத்த அழுத்தம் இல்லை. மொத்தம் 200-க்குள் இருப்பதால் நார்மல் என்று லேப்பில் சொன்னார்கள். ஆனால் காரைக்குடியில் பார்த்த டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் 10 மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, சர்க்கரை வந்துவிடும், கைகால் வலிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். அட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். தேங்காயை நிறுத்திச் செக்கு எண்ணெய்க்கு மாறினால் போதாதா? எச்டிஎல்லை ஏற்ற என்ன சாப்பிடலாம்? என் மகனுக்கு 24 வயது. தம்பி மகளை அவனுக்குச் செய்வதாக வீட்டில் பேச்சு இருக்கிறது. அதற்கு இது இடையூறாகுமா?

ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: ஆச்சி, உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை சரியானதுதான். நேரில் பார்க்காமல் இவ்வளவு துணிந்து சொல்லக் காரணம், நீங்கள் எழுதியிருக்கும் எண்களும் உங்கள் பிறந்த வீட்டுக் கதையும் ஒரே திசையைக் காட்டுவதுதான். நார்மல் என்று சொன்ன லேப் ஊழியரைக் குறை சொல்ல முடியாது. அறிக்கையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பார்த்து அவர் சொன்னார். அந்த எல்லை ஊருக்கெல்லாம் பொதுவாக வகுத்தது. 54 வயதில் போன அப்பச்சியையும் 45 வயதில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட தம்பியையும் அதற்குத் தெரியாது.

முதலில் அந்த 192-ஐ ஒதுக்கி வையுங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் என்பது எல்லா வகையையும் கூட்டிப் போட்ட தொகை. உங்களுக்கு எச்டிஎல் மிகக் குறைவாக இருப்பதால்தான் கூட்டுத்தொகை 200-க்குள் அடங்கி நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. 192-இல் 33-ஐக் கழியுங்கள்; 159 வருகிறது. இதை நான்-எச்டிஎல் கொலஸ்ட்ரால் என்கிறோம். இதயத் தமனியில் படியக்கூடிய வகைகள் அத்தனையும் இதற்குள் அடக்கம். பல அறிக்கைகளில் இதை அச்சிடுவதே இல்லை. அச்சிட்டாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. கூடுதல் காசு இல்லாமல், சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தாலும் பெரிதாக மாறாமல், ஒரே ஒரு கழித்தலில் கிடைக்கும் இந்த எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஆபத்து குறைந்தவர்களுக்கே இது 130-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆபத்து மிகுந்தவர்களுக்கு 100-க்குக் கீழே. நீங்கள் இரண்டாவது வரிசையில் நிற்கிறீர்கள் என்பது என் கணிப்பு.

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் தானாகக் கரையாது. ஆகவே கல்லீரல் அதையும் ட்ரைகிளிசரைடையும் புரத உறைக்குள் வைத்து அனுப்புகிறது. அந்தப் பொட்டலத்துக்குத்தான் லிப்போபுரோட்டீன் என்று பெயர். 1950-இல் கலிஃபோர்னியாவில் ஜான் காஃப்மன் என்ற விஞ்ஞானி ரத்த நீரை அதிவேக மையவிலக்கியில் சுழற்றி இவற்றை அடர்த்தி வாரியாகப் பிரித்து, இதயத் தமனி நோய் உள்ளவர்களிடம் இவற்றுள் சில வகை மிகுந்திருப்பதைக் காட்டினார். குற்றவாளி கொலஸ்ட்ரால் அல்ல, அதைச் சுமந்து திரியும் துகள் என்ற எண்ணத்துக்கு அது தொடக்கம். ஆனால் துகளை எண்ணுவது சிரமம், கொலஸ்ட்ராலை நிறுப்பது எளிது. எளிதானதையே நாமும் இத்தனை காலமாக நிறுத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். பத்துக் கிலோ தேன்குழலை ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டினால் பத்து. கால் கிலோவாகக் கட்டினால் நாற்பது. எடையில் ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. எல்டிஎல் 111 என்று அறிக்கை சொல்வது எடையை. தமனிச் சுவருக்குள் நுழைவதோ பொட்டலம். உங்களைப் போல் ட்ரைகிளிசரைடு மிகுந்த உடம்பில் எல்டிஎல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டப்படுகிறது. ஆகவே 111 என்ற எடைக்குள், வேறொருவரின் 111-ஐவிட அதிகத் துகள்கள் இருக்கும்.

அவை ஏன் சிறுக்கின்றன என்பதற்கும் காரணம் தெரியும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்கள் மிகும்போது அவை எல்டிஎல்லுடனும் எச்டிஎல்லுடனும் பண்டமாற்று செய்கின்றன: ட்ரைகிளிசரைடைக் கொடுத்துக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. அப்படி ட்ரைகிளிசரைடு ஏறிய எல்டிஎல்லைக் கல்லீரலின் நொதி ஒன்று செதுக்கிச் சிறிதாக்கிவிடுகிறது. எச்டிஎல்லுக்கும் அதே கதிதான். அது சிறுத்து, சீக்கிரமே உடம்பிலிருந்து வெளியேறிவிடுகிறது. உங்கள் 238-ம் 33-ம் இரண்டு நோய் அல்ல, ஒன்றின் இரண்டு முகம். கூடவே மூன்று மாதச் சர்க்கரை 6.1, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படி. தெற்காசியர்களிடம் அடிக்கடி பார்க்கும் கூட்டணி இது. இடுப்பை அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால், எடைக்கருவி என்ன சொன்னாலும், வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எல்டிஎல் 111 என்பது அளந்த எண்ணும் அல்ல. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து வரும் 48-ஐயும் கழித்துப் பாருங்கள், அதே 111 வரும். 1972-இல் வெளியான ஃபிரீட்வால்ட் வாய்பாடு இது. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு பிசகும். 400-ஐத் தாண்டினால் பயன்படுத்தவே கூடாது. நான்-எச்டிஎல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. துகளையே எண்ண வேண்டுமானால் அப்போ-பி என்ற பரிசோதனை இருக்கிறது. தமனியில் படியும் வகைத் துகள் ஒவ்வொன்றிலும் இந்தப் புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். புரதத்தை அளந்தால் துகளை எண்ணியது போலத்தான். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், மாரடைப்போடு மிக வலுவாக ஒட்டிவந்த காரணிகளில் அப்போ-பிக்கும் எச்டிஎல்லில் இருக்கும் அப்போ-ஏ1 என்ற புரதத்துக்கும் உள்ள விகிதம் முன்வரிசையில் நின்றது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. உங்கள் தம்பி அந்த 53-ஐயும் முந்திவிட்டார்.

தமனிக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழனிக்கு நடந்தவருக்கு எப்படி வந்தது என்ற புதிர் அவிழாது. எல்டிஎல் துகளின் குறுக்களவு 20 நானோமீட்டரை ஒட்டியது. தமனியின் உட்தோலைக் கடந்து அது சுவருக்குள் போகிறது. போனவற்றில் சில அங்குள்ள இழைகளில் ஒட்டிக்கொண்டு கெட்டுப்போகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கிப் பருத்து அங்கேயே மடிகின்றன. இது பல பத்தாண்டுகள் வலியோ அடையாளமோ இல்லாமல் நடக்கிற வேலை. படிவத்தின் மேல்மூடி ஒரு நாள் கிழிந்தால் அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் சில நிமிடங்களில் அடைபடும். கிழியும் நாள் வரை பெரிய அடைப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அதனால் நடக்க முடிகிறது என்பதை இதயத்துக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. நடை நல்லது, தம்பியின் தசையும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதனால் பிழைத்திருக்கின்றன. அவருக்கு வந்த வினை வேறு இடத்திலிருந்து வந்தது.

அதுதான் லிப்போபுரோட்டீன்-ஏ. நார்வே நாட்டு கோரே பெர்க் 1963-இல் கண்டுபிடித்தது. எல்டிஎல் போன்ற ஒரு துகளின் மேல் இன்னொரு நீளமான புரதம் கோத்திருக்கும். இந்தப் புரதம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்துக்கு உறவு. இந்தத் துகள் சுவரில் படிவது, அழற்சியைத் தூண்டுவது என்று இரண்டு விதத்திலும் வேலை வைக்கிறது. இதயத்தின் பெருந்தமனி வால்வில் சுண்ணாம்பு படியவும் காரணமாகிறது. இதன் அளவை ஏறக்குறைய முழுவதும் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு. குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்போது எந்த அளவுக்கு வருகிறதோ, ஏறத்தாழ அதுவே ஆயுள் முழுக்க நிற்கும். சைவமானாலும் அசைவமானாலும், பாதயாத்திரை போனாலும் போகாவிட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. உங்கள் தம்பி ஒழுக்கமாக வாழ்ந்தும் வந்துவிட்டதே என்று வீட்டில் யாராவது புலம்பினால், அந்த ஒழுக்கம்தான் இதை 45 வரை தள்ளிப்போட்டிருக்கும் என்று சொல்லுங்கள். நம் நாட்டில் நான்கில் ஒருவருக்கு இது அதிகம் என்று அதே 2024 வழிகாட்டுதல் மதிப்பிடுகிறது. எல்லோரும் வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. ஒரு முறை போதும். ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை என்று எத்தனையோ தேவையில்லாத எண்களை வாங்கி வருகிறவர்கள் இந்த ஒன்றை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வியப்பு.

நீங்கள் இதை இன்னும் பார்க்கவில்லை. பார்த்துவிடுங்கள். லேப்பில் கேட்கும்போது கவனம் தேவை: அப்போலிப்போபுரோட்டீன் ஏ-1 என்பது எச்டிஎல்லைச் சார்ந்த வேறொரு பரிசோதனை. பெயர் நெருக்கமாக இருப்பதால் மாற்றி எடுத்துவிட வாய்ப்பு உண்டு. டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிப் போனால் குழப்பம் வராது. தம்பியின் 190 பெரும்பாலும் நானோமோல் கணக்கில் இருக்கும். இங்கே பல இடங்களில் மில்லிகிராமில் வரும். நானோமோலில் 125-க்கு மேல் என்றாலும், மில்லிகிராமில் 50-க்கு மேல் என்றாலும் அதிகம். ஒன்றைப் பெருக்கி இன்னொன்றாக்கும் கணக்கு இதில் சரிப்படாது. அந்தக் கோத்த புரதத்தின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும்.

அதிகம் என்று வந்தால் அதைக் குறைக்க மருந்து உண்டா? உங்கள் ரோசுவாஸ்டாட்டின் உட்பட ஸ்டாட்டின் வகை மாத்திரை எதுவும் இதைக் குறைக்காது. இதற்கென்றே உருவான ஊசி மருந்துகளைப் பெரிய ஆய்வுகளில் சோதித்து வருகிறார்கள். அதுவரை செய்யக்கூடியது, குறைக்க முடிந்த மற்ற எல்லாவற்றையும் கடுமையாகக் குறைப்பது. லிப்போபுரோட்டீன்-ஏ கூடுதலாக இருப்பவருக்கு எல்டிஎல் 111 என்பது சாதாரண 111 அல்ல. ஒருவேளை உங்களுக்கு அது குறைவாகவே வந்தாலும் என் பதில் மாறாது. தம்பியின் வயது, ட்ரைகிளிசரைடு, சர்க்கரை மூன்றும் அங்கேயே நிற்கின்றன. 49 வயதில் மாதவிலக்கு நிற்கும் பருவமும் நெருங்குகிறது. அதற்குப் பிறகு எல்டிஎல் இன்னும் ஏறுவதே வழக்கம்.

எச்டிஎல்லை ஏற்ற என்ன சாப்பிடலாம் என்ற கேள்விக்கு ஒன்றும் வேண்டாம் என்பதுதான் பதில். நல்ல கொலஸ்ட்ரால் என்ற பட்டம் அதற்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. குறைவாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் மருந்து கொடுத்து அதை ஏற்றினால் மாரடைப்பு குறையவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை வெகுவாக ஏற்றியது. இறப்பு கூடியதால் 2006-இல் அந்த ஆய்வையே நிறுத்தினார்கள். நியாசின் மாத்திரையும் பெரிய ஆய்வுகளில் தோற்றது. ஆகவே 33-ஐத் துரத்த வேண்டாம். 238-ஐ இறக்குங்கள், 33 தானாகக் கொஞ்சம் ஏறும். ஏறாவிட்டாலும் கவலை இல்லை.

238-ஐ இறக்குவது அடுப்படி வேலை. இங்கேதான் நம் ஊரில் பழியைத் தப்பான ஆளின்மேல் போடுகிறார்கள். செட்டிநாட்டுக் குழம்பில் விழும் மிளகு, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் நிரபராதிகள். நாட்டுக்கோழியும் தோலை நீக்கி, எண்ணெயை அளந்து ஊற்றினால் பெரிய குற்றவாளி அல்ல. ட்ரைகிளிசரைடை ஏற்றுவது சோறு, மாவு, சர்க்கரை, வெல்லம். தேவைக்கு மேல் வந்த மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி, ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் விஎல்டிஎல் துகளில் ஏற்றி அனுப்பிவிடுகிறது. காலையில் வெள்ளைப் பணியாரம், மதியம் குவித்த சோறு, நான்கு மணிக்கு வந்தவர்களோடு ஒரு பலகாரம், இரவு இட்லி என்று போகிற நாளில் எண்ணெயைவிட அரிசிதான் அதிகம். நீங்கள் பலகாரம் விற்பது பிரச்சினை அல்ல. பாகு பதம் பார்க்கவும் முறுகல் பார்க்கவும் நாள் முழுக்க வாயில் விழுவதுதான் பிரச்சினை. ருசி பார்க்கும் வேலையை மாதத்தில் பாதி நாளாவது வேறொருவரிடம் விடுங்கள். கவுனி அரிசி நல்லதாமே என்று கேட்பார்கள். தவிட்டோடு இருக்கும் அரிசி, நல்லதுதான். ஆனால் அதை நாம் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டுத்தான் தின்கிறோம். தவிட்டின் நன்மை அதற்குள் மூழ்கிவிடும்.

தேங்காய் பற்றி: குழம்புக்கு அரைத்த ஒரு கைப்பிடியால் உலகம் முடிந்துவிடாது. தேங்காய் எண்ணெய் வேறு. அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பு கல்லீரலின் எல்டிஎல் ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை அள்ளி எடுப்பவை அந்த ஏற்பிகள். அவற்றைக் கண்டறிந்ததைத் தொடர்ந்துதான் மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாமாயிலில் பாதி நிறைவுற்றது. நல்லெண்ணெயில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, கடலை எண்ணெயில் அதைவிடச் சற்று அதிகம். இரண்டும் நம் சமையலுக்குப் பொருத்தம். ஆனால் செக்கில் ஆட்டியதா ஆலையில் ஆட்டியதா என்பதால் இந்த விகிதம் மாறாது. செக்கு எண்ணெயின் மணமும் ருசியும் அருமை. காசு இருந்தால் வாங்குங்கள், மாத்திரைக்குப் பதிலாக வாங்காதீர்கள். எண்ணெய்ப் பொட்டலத்தின் மேல் கொலஸ்ட்ரால் இல்லாதது என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதையும் நம்பி ஏமாறாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பேசும்படியாக இருந்ததே இல்லை.

தொழில் செய்கிறவர் என்பதால் ஒன்று கூடுதலாக. சுட்ட எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் அடுப்பில் ஏற்றாதீர்கள். எண்ணெய் கெட்டதைக் காட்டும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி இருக்காது. எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, சீக்கிரம் புகைய ஆரம்பித்தால் கணக்கு முடிந்தது. டால்டா வகையை மாவு பிசையக்கூடச் சேர்க்க வேண்டாம். டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லையும் இறக்கும். 2022 முதல் அதற்கு 2 சதவீத வரம்பு இருக்கிறது என்றாலும் நெய்யும் வெண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கும் வீட்டில் அதற்கு என்ன வேலை?

இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் ட்ரைகிளிசரைடு நன்றாகவே இறங்கும். எல்டிஎல் மட்டும் அவ்வளவு பணியாது. உணவால் பத்து, பதினைந்து சதவீதம் குறைந்தாலே பெரிது. பூண்டும் வெந்தயமும் இதில் செய்வது சொற்பம். மீதிக்குத்தான் ஸ்டாட்டின்.

ஸ்டாட்டின் பிறந்தது அரிசியிலிருந்துதான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோத்தோ நகரத் தானியக் கடையின் அரிசியில் வளர்ந்த ஒரு பென்சிலியத்தில் 1973-இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை இது மட்டுப்படுத்துகிறது. கல்லீரல் தன் தேவைக்காக ஏற்பிகளைக் கூட்டி ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரில் ஸ்டாட்டின் எடுத்தவர்களின் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. அதன்பின் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல் 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. ரோசுவாஸ்டாட்டின் 10 உங்கள் 111-ஐ 60-ஐ ஒட்டிக் கொண்டுவரும் என எதிர்பார்க்கலாம். 159-ம் 100-க்குக் கீழே வரக்கூடும்.

நிறுத்த முடியாது என்பது பழக்கமாகிவிடும் என்ற பொருளில் பொய். இன்று நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். நிறுத்தக் கூடாது என்பதே உண்மை. கைகால் வலி சிலருக்கு உண்மையிலேயே வருகிறது. ஆனால் பேச்சில் இருக்கும் அளவுக்கு அல்ல. ஸ்டாட்டினால் தொல்லை என்று நிறுத்திய 60 பேருக்கு, எது எதுவென்று சொல்லாமல், சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. அவர்கள் பட்ட தொல்லையில் 90 சதவீதம் மாவு மாத்திரையிலும் இருந்தது. உங்களுக்கு இரண்டு தொடையிலும் அல்லது தோளிலும் ஒரே மாதிரி புதிதாக வலி வந்தால், சிறுநீர் கருத்தால், உடனே டாக்டரிடம் போங்கள். அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டு நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை பற்றிய பயத்தில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது என்று 2010-இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. வருகிறவர் பெரும்பாலும் உங்களைப் போல் 6.1-இல் நிற்பவர்தான். ஆனால் 6.1-இல் நிற்பவருக்குத்தான் மாரடைப்பு ஆபத்தும் அதிகம். இரண்டையும் தராசில் வைத்தால் மாத்திரைப் பக்கமே இறங்குகிறது. அரிசியையும் இனிப்பையும் குறைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று மாதச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டு இரண்டு பரிசோதனைகளை முடியுங்கள்: தைராய்டும் கல்லீரலும். தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் ஏறும், ஸ்டாட்டினால் வரும் தசைவலியும் கூடும். நம் பெண்களிடம் அது சாதாரணமாகக் காண்பது. மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை என்றால், கருத்தரிப்பு வாய்ப்பு இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள். விசேஷத்துக்கு மறுநாள் காலையில் போகாதீர்கள். உங்கள் 238 அப்படி வந்த எண்ணாக இருந்தால் இம்முறை குறைந்தே வரும். இலக்கு எட்டவில்லை என்றால் மாத்திரையை இரட்டிப்பாக்குவதைவிட எசடிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது நல்ல வழி. ஸ்டாட்டின் அளவை இரட்டித்தால் எல்டிஎல் ஆறு சதவீதம்தான் கூடுதலாகக் குறையும். எசடிமைப் இருபது சதவீதம் போலக் குறைக்கும்.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது போலத்தான் வரும் என்று இல்லை. தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத மூச்சிரைப்பு, திடீர் அசதி, வியர்வை என்றும் வரும். அடுப்பு வேலை செய்கிறவர்கள் வாயு என்று ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

கடைசியாகக் கல்யாணப் பேச்சு. நகரத்தார் வீடுகளில் கோயில் (அதாவது குலப் பிரிவு) பார்த்து, ஒரே கோயில் ஒரே பிரிவில் பெண் எடுக்காமல் இருப்பது தந்தை வழியை மட்டும் பார்க்கிற ஏற்பாடு. மரபணு இரண்டு வழியிலும் வருகிறது. தம்பியிடமிருந்து லிப்போபுரோட்டீன்-ஏ அவர் மகளுக்கு வந்திருக்க வாய்ப்புப் பாதி. உங்களிடமும் இருந்தால் உங்கள் மகனுக்கும் பாதி. இருவருக்கும் இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கு இரு பக்கமிருந்தும் சேர்ந்து இன்னும் உயரலாம். பிறவிக் குறையோ பிள்ளைப் பருவ நோயோ அல்ல இது; நடு வயதில் வரக்கூடிய ஆபத்து, முன்கூட்டியே தெரிந்தால் தடுத்துச் சமாளிக்கலாம். சொந்தத்துக்குள் கல்யாணத்தில் நான் உண்மையாகவே பயப்படும் கொலஸ்ட்ரால் நோய் வேறு: எல்டிஎல் 190-க்கு மேல் போகும் பரம்பரை நோய் இருவரிடமும் இருந்தால் நான்கில் ஒரு பிள்ளைக்குச் சிறு வயதிலேயே இதயத் தமனி அடைபடும். உங்கள் 111-ம் தம்பியின் 118-ம் அது உங்கள் பிறந்த வீட்டு வழியில் வரவில்லை என்றே காட்டுகின்றன.

மகனும் பெண்ணும் ஒரு முறை முழுக் கொழுப்புப் பரிசோதனையும் லிப்போபுரோட்டீன்-ஏவும் பார்த்துவிடட்டும். 18 வயது தாண்டிய யாருக்குமே இது பார்க்க வேண்டியதுதான். இருவருக்கும் அதிகம் என்று வந்தாலும் கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். புகை கூடாது, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் முப்பது வயதிலிருந்தே கவனிக்க வேண்டும், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்குப் பிறகு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பேன். பெண்ணுக்குச் சிங்கப்பூரிலும் பையனுக்கு இங்கேயும் எடுத்தால் எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதி வையுங்கள். ஒன்று நானோமோலிலும் இன்னொன்று மில்லிகிராமிலும் வந்திருக்கும். அது தெரியாமல், பெண் வீட்டுப் பக்கம்தான் அதிகம் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.